தோள் உயரத்துப் பூசணம்

வலது தோள் விண்விண்ணென்று தெறிக்க வீட்டுக்கு வந்து ஈரச் சுவரில் சாய்ந்தேன். பத்து வருடமாக சிமெண்டு மூட்டை சுமக்கும் தோள். கொஞ்ச நேரத்தில் வலி நின்றது. மறுநாள் காலையில் சாய்ந்த இடத்தில் உள்ளங்கை அளவுக்குக் கறுப்பாகப் பூசணம் பிடித்திருந்தது.

மூன்று மாதம் தினமும் சாய்ந்தேன். பூசணம் மூட்டை அளவுக்கு வளர்ந்தது. எழுபது மூட்டை தூக்கியவன் நூறு தூக்கினேன். ஒருநாள் பதினொரு மணிக்கு வலி திரும்ப வந்து மூட்டையைக் கீழே போட்டுவிட்டேன். அதே நேரத்தில்தான் மனைவி பிளீச்சிங் பவுடர் போட்டுச் சுவரைத் தேய்த்திருக்கிறாள்.

தேய்த்தும் போகாததால் வீட்டுக்காரம்மாவைக் கூட்டி வந்தாள்.

"தம்பி, பூச்சைக் கொத்திட்டுப் புதுசாப் பூசித் தரேன். இல்லையா, வாடகையில கொறச்சுக்க. அதுவும் வேணாம்னா மாடிக்கு மாறிக்க."

"எதுவும் வேணாங்க்கா. அப்படியே இருக்கட்டும்."

"என்னைவிட அந்தச் சுவத்தைத்தான் கட்டிக்கிட்டுக் கிடக்காருக்கா" என்றாள் மனைவி. "பாப்பாவுக்கு இருமல் நிக்கல. கொத்திடுங்க."

பாப்பா பேச்சு வந்ததும் நானே போய்க் கொத்தனாரைக் கூட்டி வந்தேன்.

கொத்தனார் பூச்சை உதிர்த்தார். மற்ற இடமெல்லாம் செங்கல் நேராக இருந்தது. பூசணம் இருந்த இடத்தில் மட்டும் ஐந்து வரிசை வளைந்து கீழே இறங்கியிருந்தது.

"குழாயும் இல்ல, கசிவும் இல்ல. எதையோ சுமந்த மாதிரில்ல இருக்கு?" என்றார்.

பாப்பா இப்போது இருமாமல் தூங்குகிறாள். நானும் எழுபது மூட்டையோடு நிறுத்திக்கொண்டு சந்தோஷமாகத்தான் இருக்கிறேன். சுவருக்குத்தான் மூன்று மாதக் கூலி பாக்கி.