லோஜினியின் கழுத்து வலி

மஸ்கெலியாவில் பஸ்ஸை விட்டு இறங்கி, தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளுக்கு ஏறும் படிகளில் நின்று ஷெரோமி டீச்சர் மூச்சு வாங்கினார். பதினாறு வயதுப் பிள்ளையிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று ஹட்டனிலிருந்து யோசித்துக்கொண்டே வந்தும் ஒரு வார்த்தை அகப்படவில்லை. கைப்பையில் ஒரு தைலப் போத்தல் மட்டும் இருந்தது.

நரம்பில்லாத நாக்கு செய்த வேலை. பதினோராம் வகுப்பின் சாதாரண தரப் பரீட்சைக்கு அவர் நடத்தும் சூம் வகுப்பில் நாற்பது பேர். லோஜினி மட்டும் ஒருநாளும் கேமராவைத் திறந்ததில்லை, வாயையும் திறந்ததில்லை. பதிலை எல்லாம் எழுதித்தான் அனுப்புவாள், அதுவும் முதல் ஆளாக.

போன திங்கட்கிழமை மாலை பதிலுக்குப் பதிலாக இப்படி எழுதியிருந்தாள்: 'கழுத்து வலிக்குது டீச்சர். குனிஞ்சு எழுத முடியல. கணக்கை நாளைக்கு அனுப்பட்டுங்களா?'

"இந்த வயசுல என்னம்மா கழுத்து வலி? போனை நோண்டிக்கிட்டே இருந்தா வலிக்காதா?" என்றார் டீச்சர், நாற்பது பேர் கேட்க.

அதோடு விட்டிருக்கலாம். "படிக்க முடியலன்னா கொழுந்து பறிக்கப் போ" என்றும் சொல்லிவிட்டார்.

'சரிங்க டீச்சர்' என்று பதில் வந்தது. அதன்பிறகு லோஜினி வகுப்புக்கு வரவில்லை.

ஷெரோமியையும் அவர் அம்மா கொழுந்து பறித்துத்தான் படிக்க வைத்தார். அந்த வாயாலா இதைச் சொன்னோம் என்று நினைத்தபோது சோறு இறங்கவில்லை. பரீட்சைக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. பிள்ளை படிப்பை விட்டுவிட்டால் அந்தப் பாவத்தை எங்கே போய்க் கழுவுவது? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், வகுப்பில் சேரும்போது கொடுத்த விலாசத்தைத் தேடிக் கிளம்பிவிட்டார்.

கடைசி வீட்டுக் கதவைத் திறந்தவள் லோஜினியின் அம்மா நாகலெட்சுமி. முப்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தைத் திருப்பாமல் உடம்போடு திரும்பி நாற்காலியை இழுத்துப் போட்டாள். கொழுந்துக் கூடையின் கயிறு பதியும் இடத்தில் அவள் தலைமுடி தேய்ந்திருந்தது. வருசக்கணக்காகத் தலையில் பாரம் மாட்டினால் கழுத்து என்னத்துக்கு ஆகும் என்று டீச்சர் நினைத்துக்கொண்டார்.

சுவரோரம் ஒரு மரப்பெட்டி. அதன்மேல் போனும் மூடிவைத்த கணக்குக் கொப்பியும் இருந்தன.

"லோஜினி இங்கதான் படிக்குதா? இவ்வளவு தாழ்வா இருந்தா கழுத்து வலிக்கத்தானேங்க செய்யும். போனைக் கண்ணுக்கு நேரா வைக்கணும்" என்ற டீச்சருக்கு அதற்குமேல் அடக்க முடியவில்லை. "அதுகூடக் கேக்காம பிள்ளையை நாற்பது பேருக்கு முன்னால ஏசிட்டேங்க. மனசு கேக்கல. அதை வகுப்புக்கு அனுப்புங்க."

நாகலெட்சுமி, "தப்பு எங்க மேலதாங்க டீச்சர்" என்றாள்.

"இல்லங்க, என் மேலதான். லோஜினியைக் கூப்பிடுங்க, நானே பேசுறேன்."

அவள் தயங்கித் தயங்கிக் கூப்பிட்டாள். முன்பல் விழுந்த ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி உள்ளேயிருந்து ஓடிவந்து, அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

டீச்சர் சிறுமியையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப... என் வகுப்புல படிக்கிறது யாருங்க?"

நாகலெட்சுமியின் கை தானாகப் பின்கழுத்துக்குப் போனது.

"மன்னிச்சுக்கங்க டீச்சர். எட்டாம் வகுப்போட நிப்பாட்டுனவ நான். வயசச் சொன்னா சேக்க மாட்டீங்கன்னு மக பேரைக் குடுத்துட்டேன்."

தைலப் போத்தலை எடுக்கப் பைக்குள் போன டீச்சரின் கை அங்கேயே நின்றது. "அன்னைக்கு நான் சொன்னது..." என்று தொடங்கினார்.

நாகலெட்சுமி சொன்னாள்:

"கொழுந்து பறிச்சிட்டுத்தாங்க டீச்சர் வகுப்புக்கே வந்தேன்."