ஆடாத சுண்டுவிரல்

“இதுவும் செத்துப்போச்சு!” மெக்கானிக் மூன்றாவது பெட்டியையும் மேசையில் வைத்துவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார். இன்றைக்கு யார் முகத்தில் விழித்தாரோ, காலையிலிருந்து தொட்டதெல்லாம் வம்பு.

உள்ளங்கை அகலப் பெட்டி. ஒரு வயரின் நுனியில் தோலில் ஒட்டும் வில்லை, இன்னொன்றில் பேனா போல ஒரு முனை. நரம்புக்கு நேர் மேலே முனையை வைத்தால் லேசாகக் கரண்ட் பாய்ந்து விரல் துள்ளும். அந்த இடம் பார்த்துத்தான் கையை மரத்துப்போகச் செய்யும் ஊசியைப் போடுவார்கள்.

தன் இடது மணிக்கட்டில் வைத்துப் பார்க்காமல் எந்தப் பெட்டியையும் அவர் ஆபரேஷன் தியேட்டருக்கு அனுப்பியதில்லை. இருபத்திரண்டு வருஷமாக அவருடைய சுண்டுவிரல் ஆடினால்தான் அங்கே வேலை நடக்கும். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

மயக்க மருந்து டாக்டரம்மா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். “என்னண்ணே, ரெடியா? பெரியவர் ஒடஞ்ச கையோட ஒரு மணி நேரமா படுத்திருக்காரு. இதயம் வீக்கு, முழு மயக்கம் தாங்க மாட்டாரு.”

“நான் மட்டும் சும்மாவா இருக்கேன் டாக்டரம்மா? பேட்டரி மாத்திட்டேன், வில்லை புதுசு, வயரைக்கூட மறுபடி பத்தவெச்சிட்டேன். ம்ஹும், அசைய மாட்டேங்குது.”

“பத்தவெக்கும்போது சுட்டுக்கிட்டீங்களா? இடது சுண்டுவிரல்ல இவ்வளவு பெரிய கொப்புளம்!”

அவர் விரலைத் திருப்பிப் பார்த்தார். “அட, ஆமா. எப்ப பட்டுச்சோ! இருக்கிற அலைச்சல்ல இதையெல்லாம் யாரு கவனிக்கிறது?”

“அப்ப ஆபரேஷனைத் தள்ளிப்போடச் சொல்லிடவா? ஏற்கெனவே ரெண்டு தடவை தள்ளியாச்சு. பாவம், வலியில துடிக்கிறாரு.”

“சொல்லிடுங்க. கெட்ட மெஷினைக் குடுத்து ஊசி நரம்புலயே குத்திடுச்சுன்னா, அந்தப் பாவம் எனக்கு வேணாம்.” பழுது என்று எழுதிய சீட்டை ஒட்டப் போனார். எங்கேயாவது போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது.

“இருங்க, இப்படிக் குடுங்க.” டாக்டரம்மா வில்லையைத் தன் கையில் ஒட்டிக்கொண்டு, முனையை மணிக்கட்டில் வைத்தார். அவருடைய சுண்டுவிரல் துள்ளியது. அடுத்த பெட்டியிலும் துள்ளியது. மூன்றாவதிலும்.

“அதெப்படி!” மெக்கானிக் இடது கையை மேசையில் ஊன்றிக்கொண்டு பெட்டிகளின் மேல் குனிந்தார். அவமானம் பிடுங்கித் தின்றது. “கரண்டைக் கூட்டிக்கூடப் பார்த்தேனே! மூணு நல்ல மெஷினைப் போய்க் கெட்டுப்போச்சுன்னு சொல்லிட்டேனே. மூளையே மழுங்கிப்போச்சு டாக்டரம்மா, இனிமே நான் எதுக்கு லாயக்கு?”

டாக்டரம்மா அவர் ஊன்றியிருந்த கையின் பக்கம் வந்தார். மெக்கானிக் வலது கையால் பெட்டியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டே புலம்பினார்.

“மெஷினை விடுங்கண்ணே. உங்க கொப்புளத்தை நகத்தால அழுத்திக்கிட்டிருக்கேன்... தெரியலையா?”