மின்சாரப் பூனை

"இருக்கறதை எல்லாம் குடுத்துடுங்க" என்றார் மருதை. போன மாதம் எங்கள் 'மின்சாரப் பூனை' கேசட்டில் இரண்டை வாங்கிப் போனவர், இப்போது அதற்காகவே தொட்டியத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, காஜா மைதீன் பாயின் கேசட் கடையில் நானும் லூர்துவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அது 1986. திருச்சியின் முதல் எலக்ட்ரானிக் இசை இரட்டையர் என்று எங்களை நாங்களே அழைத்துக்கொண்டிருந்தோம். வேறு யாரும் அழைக்காததால் அந்த ஏற்பாடு.

ஒரு குட்டி கீபோர்டு, லூர்துவின் விரல்கள், என் குரல். குக்கர் மேல் மிக்ஸிக்குக் காதல், டவுன் பஸ்ஸுக்கு ஜலதோஷம் என்று எட்டுப் பாட்டு. என் தங்கை பேட்ரிசியாவுக்கு ஒரு கேசட்டைச் சும்மா கொடுத்தோம். மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"இன்னிக்கும் விக்கலைன்னா, மாமா சொன்ன கம்பெனியில நாளைக்குச் சேர்ந்துடறேன் விக்டர். இதோட போதும்" என்று லூர்து காலையில்தான் சொல்லியிருந்தான். அவன் போய்விட்டால் என் குரல் தனியாக நிற்கும். அதை நினைத்தால் எனக்கே பயமாக இருந்தது.

மருதை ஒரு கேசட்டைத் திறந்து, நாடாவை விரல் நுனியால் கொஞ்சம் இழுத்து, வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"அதே பளபளப்புதான். இதுவும் அறுபது நிமிஷ கேசட்தானே?"

"பார்த்தியா, தரம் தெரிஞ்ச ரசிகர்!" என்று லூர்து என் காதைக் கடித்தான்.

"எங்க ஊர்ல இன்னும் நாலஞ்சு பேருக்கு வேணுமாம் தம்பி. இவ்வளவு நல்லா இருக்கும்னு நானே நெனைக்கல."

பாய் பரணிலிருந்து பெட்டியை இறக்கித் தூசி தட்டினார். தட்டும்போது எங்களையும் மருதையையும் மாறி மாறிப் பார்த்தார்.

லூர்து கடை போனிலேயே மாமாவைக் கூப்பிட்டான். "வேலை வேணாம் மாமா. வேற ஆளைப் போட்டுக்கச் சொல்லிடுங்க. எங்களுக்கு ரசிகருங்க இருக்காங்க."

மாமா கத்தியது கடை வாசல் வரை கேட்டது. லூர்து பேச்சின் நடுவிலேயே ரிசீவரை வைத்துவிட்டான். எனக்கு அவனைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போல் இருந்தது.

மருதை பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். அடுத்த ஆல்பத்துக்கு உதவுமே என்று அவரை நிறுத்தினேன்.

"ஐயா, இதுல உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச பாட்டு எதுங்க?"

"பாட்டா? எங்கிட்ட டேப்ரெக்கார்டரே இல்லீங்களே" என்றார் மருதை. "நாடாவை உருவி சோளக்காட்டைச் சுத்திக் கட்டுனேன், ஒரு கிளிகூடக் கிட்ட வரல!"