மோட்டார் கழுவியவன்

வடக்குத்து கிராமத்தில் அந்த ஓட்டு வீட்டின் கட்டில்மேல் மாலை வெயில் சரிந்து விழுகிறது. குஞ்சிதபாதத்தின் பட்டறையில் மோட்டார் கழுவிய செங்குட்டுவன் அதில் சாய்ந்து கிடக்கிறான். தசை கரைந்து, விரல் மடங்கி, பேச்சும் போய்விட்டது. தன் மகளின் கல்யாணப் பத்திரிகையோடு வந்த கான்ட்ராக்டர் குஞ்சிதபாதம் எதிர் நாற்காலியில் நெளிகிறார். செங்குட்டுவனின் மகள் எழில்மதி செல்போனில் செய்தியை நிறுத்தி நிறுத்திப் படிக்கிறாள். மோட்டார் கழுவும் திரவத்திலுள்ள ரசாயனத்துக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருப்பதாக ஓர் ஆய்வு சொல்கிறதாம். "இன்னொரு தபா படி," என்கிறாள் அம்மா தனம். எழில்மதி மறுபடி படிக்கிறாள். வெளியே ஷிப்டு பஸ் ஹாரன் அடித்துப் போகிறது.

"கிளவுஸ் கேட்டாரு, குடுக்கல. படுத்ததும், குடிச்சிக் கெட்டான்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சீங்க. ஒரு நாளாவது குடிச்சவரா அவரு?" தனத்தின் குரல் உயரவில்லை. "எனக்கு இதெல்லாம் தெரியாதும்மா," என்கிறார் குஞ்சிதபாதம். அவள் கஞ்சிக் கிண்ணத்தை அவர் கையில் வைக்கிறாள். "ஊட்டுங்க." அவர் குனிந்து கரண்டியை வாயருகே நீட்டுகிறார். கஞ்சி செங்குட்டுவனின் தாடையில் வழிந்து குஞ்சிதபாதத்தின் வெள்ளைச் சட்டைக் கையில் சொட்டுகிறது. செங்குட்டுவன் அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவர் எழப் பார்க்கிறார். தனம் போய் வாசற்படியில் குறுக்கே உட்காருகிறாள். "மெதுவா ஊட்டுங்க, பொரையேறும். கிண்ணம் காலியாவுற வரைக்கும் நான் இங்கதான் குந்திக்கினு இருப்பேன்."