பூசணிப் பூ மூடுவதற்குள்

பூசணிப் பூக்கள் மூடிக்கொள்ள இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. இசைவாணி ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழ்களைக் கிழித்துவிட்டு, அதன் மகரந்தத்தைப் பெண் பூவுக்குள் தடவுகிறாள். விரல் நுனியெல்லாம் மஞ்சள். தேனீக்களுக்கென்று அவள் வளர்த்த துளசி வேலியோரம் பூத்து நிற்கிறது. அதில் எதுவும் அசையவில்லை. அவை தண்ணீர் குடிக்கக் கூழாங்கல் போட்டு வைத்த மண்தட்டில் ஏழெட்டுத் தேனீக்கள் கால் மடங்கிக் காய்ந்து கிடக்கின்றன. அவள் இன்னும் தட்டைக் கவிழ்க்கவில்லை. கொல்லையை ஒட்டிய குறுவை நெல் வயலில் அவள் கணவன் கோவிந்தராசு போன வாரம் புழுவுக்கு மருந்து அடித்தான். இன்று மறுபடி அடிக்கிறான். ஸ்பிரேயரின் இரைச்சல் ஒரே சீராகக் கேட்கிறது. வாடை தொண்டையில் ஒட்டுகிறது. பக்கத்து வீட்டு ஜெயபாரதி வேலிக்கு மேல் எட்டிப் பார்க்கிறாள். “என்ன வாணி, தேனீ வேலையும் உன் தலையிலயா?” “அதுங்க வேலைக்கு வரலக்கா.” ஜெயபாரதி சிரித்துக்கொண்டே உள்ளே போகிறாள். இசைவாணி அடுத்த பூவுக்கு நகர்கிறாள். தேனீ தொடாத பிஞ்சுகள் வெம்பி மஞ்சளாகி, கொடியடியில் உதிர்ந்து கிடக்கின்றன. இரைச்சல் நிற்கிறது. கோவிந்தராசு டேங்க்கை முதுகில் சுமந்தபடி வரப்பிலிருந்து கொல்லைக்குள் வருகிறான். முகத்துத் துண்டை இறக்கிவிட்டு, குனிந்து, ஒரு பிஞ்சை எடுத்து உருட்டிப் பார்க்கிறான். “இதுலயும் புழு வுழுந்துருச்சு போலருக்கே. டேங்க்ல கொஞ்சம் மிச்சம் இருக்கு வாணி, பூசணிக்கும் அடிச்சு விட்டுறவா?”