மான்செஸ்டர் கடற்காற்று

"மாஸ்டர்ஜி, இன்னைக்கு ராத்திரி எனக்கு மான்செஸ்டர் ஃப்ளைட்! என்னுதை முதல்ல தைச்சுக் கொடுத்துடுங்க!"

சக்கரம் வைத்த பெட்டியை இழுத்துக்கொண்டு கடைக்குள் நுழைந்தாள் ரக்ஷந்தா. கறுப்புக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டிருந்தாள்.

நாளை மறுநாள் ஈத். லாகூரின் இச்ரா கடைவீதியில் எந்தத் தையல்காரருக்கும் தலைநிமிர நேரமில்லை. பஷாரத் மாஸ்டர் ரமலான் பாதியிலேயே 'இனி துணி வாங்க மாட்டோம்' என்று பலகை மாட்டிவிட்டார். அப்படியும் இன்று தருவதாகச் சொன்ன இரண்டு சல்வார் கமீஸ்கள் வெட்டிய துணியாகவே மேசைமேல் கிடந்தன.

"பாஜி, அக்கான்னு மரியாதையாச் சொல்றேன், நோன்பு நேரத்துல கத்தாதீங்க. நானும் ஈதுக்குச் சொந்த ஊர் ஒகாராவுக்குப் போகணும், சாயங்காலம் பஸ். இன்னும் ஒண்ணு தைக்கத்தான் நேரமிருக்கு. அதோ, அவங்க காலையிலேர்ந்து உட்கார்ந்திருக்காங்க."

மூலையில் முக்காலியில் இருந்த தஹ்மினா நிமிர்ந்து பார்த்தாள். வெளுத்துப்போன பருத்திக் கமீஸ், ரப்பர் செருப்பு. துப்பட்டாவால் தலையை மூடியிருந்தாள்.

ரக்ஷந்தா அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு மாஸ்டரிடம் திரும்பினாள்.

"உள்ளூர்க்காரங்க ஈது கழிச்சுக்கூட போட்டுக்கலாம். நான் அப்படியா? அங்க என்னை நம்பி ஒரு தெருவே காத்துக்கிட்டிருக்கு!"

மாஸ்டர் இருமினார். சுண்ணக்கட்டியால் காதைச் சொறிந்துகொண்டார்.

"தெருவேவா?" என்றாள் தஹ்மினா.

"பின்னே! பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி மார்கரெட் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, பூவேலையைத் தடவித் தடவிப் பார்ப்பா. 'இது நிஜமாவே கையால போட்டதா?'ன்னு வருஷா வருஷம் அதே கேள்வி. எதிர் வீட்டு குஜராத்திப் பொண்ணுங்க இருக்காங்களே, 'உங்க ஊர் கமீஸ் மட்டும் எப்படிக்கா இப்படி நேரா விழுது?'ன்னு அளவு எடுக்காத குறை!"

"குளிர் நாடாச்சே. இந்த மெல்லிசுத் துணியைப் போட முடியுமா?"

"மேல கோட்டு போட்டுக்குவோம். ஈத் விருந்து மண்டபத்துக்குள்ள போய்க் கோட்டைக் கழட்டுவோம் பாருங்க... அடடா! ஒரே நேரத்துல நூறு பூக்கூடையைத் திறந்து வெச்ச மாதிரி இருக்கும்."

தஹ்மினாவின் கண்கள் எங்கோ போய்விட்டன. "அப்புறம்?" என்றாள் மெதுவாக.

கேட்க ஆள் கிடைத்த குஷியில் ரக்ஷந்தா பெட்டிமேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"விருந்து முடிஞ்சு எல்லாரும் கடற்கரைக்குப் போவோம். கடல்காத்துல துப்பட்டா பறக்கும். வெள்ளைக்காரங்க வண்டியை நிறுத்திப் பார்ப்பாங்க!"

"மான்செஸ்டர் கடல் பெரிசா இருக்குமோ?"

"நம்ம கராச்சிக் கடலெல்லாம் அதுக்கு முன்னாடி குட்டை!"

மாஸ்டர் மறுபடியும் இருமினார். "கதை போதும். யாருதைத் தைக்கட்டும்? நீங்க ரெண்டு பேரும் பேசிச் சொல்லுங்க."

தஹ்மினா மேசைமேல் கிடந்த தன் துணியைப் பார்த்தாள். மாதுளை நிறம், கழுத்தைச் சுற்றி வெள்ளை நூலில் மல்லிகைக் கொடி. கடை கடையாக ஏறி இறங்கி எடுத்தது. ஒருமுறை ஆசையாகத் தடவினாள்.

"அவங்களுதையே தைங்க மாஸ்டர்ஜி. பாவம், ஈதும் அதுவுமா எல்லாரும் அவங்களைத்தானே பார்ப்பாங்க."

தையல் இயந்திரம் கடகடவென்று ஓடத் தொடங்கியது.

முடிந்ததும் ரக்ஷந்தா தஹ்மினாவைக் கட்டிக்கொண்டாள். "நீங்க நல்லா இருக்கணும் பாஜி! மான்செஸ்டர் வந்தா அவசியம் வீட்டுக்கு வாங்க!" என்று சொல்லி, அவ்வளவு பெரிய பெட்டியை ஒரே கையில் தூக்கி ஆட்டிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

அவள் தலை மறைந்ததும் மாஸ்டர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"ஏமாந்துட்டீங்களே பாஜி! அந்தம்மா பின்னாடி மூணாவது சந்து. அது காலிப் பெட்டி. போன ஈதுக்கு டொராண்டோ, அதுக்கு முந்தி ஜித்தா. எல்லாத் தையல்கடையிலும் ஃப்ளைட் பிடிக்கிறவங்களுக்குத்தானே முதல் மரியாதை? அதைக் கத்துக்கிட்டாங்க. நான் வாயைத் திறந்தா, நாளைக்கு இதே சந்துல கடை நடத்த வேண்டாமா?"

"தெரியும் மாஸ்டர்ஜி," என்று சிரித்தாள் தஹ்மினா. "மான்செஸ்டர்ல கடலே கிடையாது. ஆனா மத்ததெல்லாம் நெசம். பக்கத்து வீட்டுக்காரி பேருதான் மார்கரெட் இல்ல, டோரத்தி."

மாஸ்டரின் கையிலிருந்த கத்தரிக்கோல் அப்படியே நின்றது. "அது... உங்களுக்கு எப்படித் தெரியும்?"

தஹ்மினா தைக்காத மாதுளை நிறத் துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

"விடிஞ்சா எனக்கு அங்கதானே ஃப்ளைட்! வெளிநாடுன்னு தெரிஞ்சா கூலியை ரெண்டு மடங்கா ஏத்திடுவீங்கன்னுதான் இந்தப் பழசைப் போட்டுக்கிட்டு வந்தேன். பரவாயில்ல விடுங்க, மூணாவது சந்துல ஈதுக்குப் புதுசு இல்லாம அவங்க தலைகாட்ட முடியுமா? எங்க டோரத்தி இந்த வெளுத்த கமீஸையே வருஷா வருஷம் தடவிப் பார்க்கிறா!"