வரவேற்புப் பலூன்கள்

நாவலப்பிட்டிக்கு வெளியே, பள்ளிக்கூட வாசலில் ஆட்டோ நிற்கிறது. கேட் முழுக்கக் கட்டிய பலூன்கள் வெயிலில் மினுங்கி, ஒன்றோடொன்று உரசிக் கீச்சிடுகின்றன. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் தனுஜாவுக்காக வகுப்பே ஊதியவை. “கேக்கில முட்டை, டொபியில கச்சான் கடலை, ரெண்டும் புள்ளைக்கு ஆகாதே. அதான் பலூன் மட்டும் கட்டினோம்” என்று பூரிக்கிறார் டீச்சர். போன கிழமை அவளுக்கு உதடு வீங்கி மூச்சடைத்தது வகுப்பில் ஊதிய பலூனால்தான் என்று டாக்டர் இன்றைக்குத்தான் சொன்னார். இறங்கப்போனவளை அம்மா மடிக்கு இழுக்கிறாள். “றப்பரும் ஆகாதாம் டீச்சர்.” “அட, உள்ள வெறும் காத்துத்தானேங்க!” சிரித்தபடி டீச்சர் ஒன்றை அவிழ்த்துக்கொண்டு வருகிறார். பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். “அம்மா, எல்லாம் எனக்குத்தானே?” என்று கேட்கிறாள் தனுஜா. துளி மழை இல்லை. ஆட்டோவில் மழைக்கு இறக்கும் றெக்சின் திரையை அம்மா இழுத்து மூடுகிறாள்.